தவிட்டுக்கு வாங்கிய சில்வியா

"சில்வியான்னா இன்னாம்மா அர்த்தம்?"

போன மாதம் புளி வாங்கப் போன இடத்தில் இந்தக் கேள்வி வந்து விழுந்தது. கேட்டவர் சின்னப்பையன். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் — ஆள் அறுபதை நெருங்குகிறார். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் சாமை விதைத்து, புளி உலுக்கி வாழ்கிறவர்.

வருஷா வருஷம் மாசி பிறந்தால் நான் வேலூரிலிருந்து கிளம்பி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். வருஷத்துக்கு வேண்டிய புளியை அங்கேதான் வாங்குவது. கடைப் புளியில் ஏன் இவ்வளவு கொட்டை, ஏன் இவ்வளவு கறுப்பு என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு முறை புலம்பியிருக்கிறேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். புளிக்குப் போய் இவ்வளவு கோபமா என்று ஒரு வாசகி கேட்டுக்கூட இருந்தார். ஆமாம், இவ்வளவு கோபம்தான்.

அதை விடுங்கள். சில்வியாவுக்கு வருவோம்.

"யார் பேரு அது?" என்றேன்.

"அவங்க பேருதாம்மா. அவங்களுக்குக் கல்யாணம் பேசினு கீறோம்."

"எவங்களுக்கு?"

"தோ... உள்ள கீறாங்களே, அவங்களுக்கு."

எட்டிப் பார்த்தேன். உள்ளே அவர் மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து 'பாப்பா, பாப்பா' என்றே கூப்பிட்டுப் பழகியதில் அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மலை ஊரில், சுவரில் நாமம் போட்ட வீட்டில், சின்னப்பையனுக்கும் பொன்னிக்கும் பிறந்த பெண்ணுக்குப் பெயர் சில்வியா!

இப்போதெல்லாம் பெயர் வைப்பதில் எனக்கு ஆச்சரியமே மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தைகள் எல்லாவற்றுக்கும் பெயரில் எங்கேயாவது ஒரு 'ஷ்' இருக்கிறது. அம்மா கூப்பிட்டால் யாரையோ பேசாதே என்று அடக்குகிற மாதிரி இருக்கும். அர்த்தம் கேட்டால், "நெட்ல பாத்து வச்சோம் ஆன்ட்டி" என்று பதில் வரும். ஆனால் சின்னப்பையன் நெட் பார்க்கிறவர் இல்லை. பின்னே?

பொன்னிதான் சொன்னாள். புளியிலிருந்து ஓட்டை எடுத்துப் போட்டுக்கொண்டே, நேற்று நடந்ததைச் சொல்வது போல.

அவளுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. ஒன்றுகூடத் தங்கவில்லை. மறுபடி வயிற்றில் தரித்தபோது ஊரில் சொன்னார்கள்: இந்தத் தடவை பிறந்ததும் விற்றுவிடு.

பதற வேண்டாம். நம் பக்கத்துக் கிராமங்களிலும் இருந்த வழக்கம்தான் இது. குழந்தை நிற்காத வீட்டில், அடுத்து பிறந்ததை வேறு ஒருவருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். ஒரு முறம் தவிடு கொடுத்து அவர் வாங்கிக்கொள்வார். 'என் பிள்ளை' என்று மூன்று பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லி ஒரு பெயரும் வைப்பார். அப்புறம் குழந்தை பெற்றவளிடமே வளரும். பிள்ளைகளைக் கொண்டுபோகிற அது — எதுவோ — வீட்டு வாசலில் வந்து பார்த்து, அட, இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லையே என்று திரும்பிப் போய்விடுமாம்.

"வெளியாளா இருந்தா இன்னும் நல்லதுன்னாங்க. அப்போ இங்க ஆஸ்பத்திரில ஒரு நர்சம்மா இருந்தாங்க. தெக்கத்திக்காரங்க. தூத்துக்குடி பக்கம். அவங்கதான் பிரசவம் பாத்தாங்க. அவங்களையே வாங்கிக்கச் சொன்னோம்."

"நர்சம்மா தவிட்டுக்கு எங்கே போனாங்க?"

"தவிடு எங்க வூட்டுதுதான். மொறமும் எங்குளுதுதான். அவங்க கையால குடுக்கணும், அவ்ளோதான்."

கடைக்காரனிடமே கடன் வாங்கி அவன் கடையிலேயே சாமான் வாங்குகிற மாதிரி. ஆனால் நர்சம்மா சிரிக்கவில்லையாம். முறத்தை இரண்டு கையாலும் வாங்கி, சின்னப்பையன் கையில் கொடுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "எம் புள்ள" என்றாராம். என்ன பெயர் என்று கேட்டபோது தன் பெயரையே சொல்லிவிட்டாராம்.

சில்வியா.

பெயருக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னப்பையன் மகளை எப்போதும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். "சாப்புடுங்க", "பஸ்ஸுக்கு நேரம் ஆய்டிச்சி, கெளம்புங்க". நான் அதைச் செல்லம் என்று நினைத்திருந்தேன். செல்லமே இல்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை!

விற்ற குழந்தையைத் திரும்ப மீட்டுக்கொள்ளவும் முறை இருக்கிறது. பிள்ளை நன்றாக ஓடியாடத் தொடங்கியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுவிடுவார்கள். ஆனால் அதற்குள் நர்சம்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. போய்விட்டார். சில்வியா மீட்கப்படாமலே பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள், வேலைக்கும் போய்விட்டாள். அப்பாவிடம் ஒரு திட்டு வாங்கியதில்லை.

"நீ?" என்று பொன்னியைக் கேட்டேன்.

"நான் நல்லாத் திட்டுவேன். வித்தது அவருதானே? நானா வித்தேன்?"

நியாயம்தானே?

இப்போது அர்த்தம் எதற்கு? மாப்பிள்ளை வீட்டுக்காக.

மாப்பிள்ளை கோகுல், சந்தவாசலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். லேபில் ரத்தம் கொடுக்கப் போனவன் மயங்கி விழுந்து, அங்கே ஆரம்பித்த கதை. வீட்டில் பேசி, இரண்டு பக்கமும் சரி என்றாகிவிட்டது. பத்திரிகை அடிக்கிற நேரத்தில்தான் கோகுலின் அம்மா மல்லிகா பெயரில் கை வைத்தார். பத்திரிகையில் சில்வியா என்று போட்டால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மதம் மாறிவிட்டார்களா என்று கேட்க மாட்டார்களா? ஜோசியரிடம் கேட்டு அவர் நாலைந்து பெயர்கள்கூட வாங்கி வைத்திருந்தார்.

சின்னப்பையன் எதற்குமே முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். இதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். அவருடைய வாதம் எளிமையானது. நான் வைத்த பெயர் இல்லை அது. வைத்தவர்களைக் கேட்காமல் நான் எப்படி மாற்றுவது?

"நல்ல அர்த்தம்னு தெரிஞ்சா அவங்க ஒத்துக்குவாங்க இல்லம்மா? நீங்க பேப்பர்ல எழுதறவங்க. வர்ற ஞாயித்துக்கெழம அவங்க வர்றாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

சில்வியா ஈரத் துண்டோடு வெளியே வந்தாள். "அப்பா, பேரு இன்னாவா இருந்தா எனக்கின்னா? மாத்தணும்னா மாத்திக்கலாம். உங்க பொண்ணுக்கு நீங்க பேர் வைக்க மாட்டீங்களா?"

அவர் எழுந்துகொண்டார். புளி மூட்டையைக் கட்டப் போய்விட்டார். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் பிரச்சினை பெயர் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

வேலூருக்கு வந்து, அந்த வாரம் முழுக்க அகராதியும் கையுமாக இருந்தேன். பெயர் வைப்பதற்கான புத்தகங்கள் எல்லாமே ஒரே குரலில் சொல்கின்றன: சில்வியா, லத்தீன் பெயர். 'சில்வா' என்றால் காடு. சில்வியா என்றால் காட்டைச் சேர்ந்தவள். ரோமாபுரியை உண்டாக்கியதாகக் கதையில் வருகிற இரட்டையர்களின் அம்மாவுக்கும் இந்தப் பெயர் உண்டாம். அவளிடமிருந்தும் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளை ஓநாய் பால் கொடுத்துக் காப்பாற்றுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா இருக்கிறதே, அதன் நடுவில் உட்கார்ந்திருப்பதும் இதே காடுதான்.

எவ்வளவு அழகு! எங்கேயோ ரோமில் கிளம்பிய காடு, கடல் தாண்டி, தூத்துக்குடி வழியாக, சரியாக ஒரு மலைக்காட்டில் வந்து இறங்கியிருக்கிறது. எனக்கே மெய்சிலிர்த்தது. இதைக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று கை தட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே மலை ஏறினேன்.

படித்தவர்களுக்கு வருகிற வியாதி இது. அர்த்தம் தெரிந்துவிட்டால் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது.

மல்லிகா நல்ல பட்டுப் புடவையில் வந்திருந்தார். பேச்சிலேயே கண்டிப்பு. டீ வந்ததும் சின்னப்பையன் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"சில்வியான்னா லத்தீன்ல காட்டைச் சேர்ந்தவள்னு அர்த்தம். காட்டு மகள்."

யாரும் கை தட்டவில்லை.

"காட்டுக்காரியா?" என்றார் மல்லிகா.

"இல்லை... அப்படி இல்லை... அங்கே காடுன்னா ஒரு தெய்வீகமான..."

அதற்குள் கோகுல் செல்போனில் தேட ஆரம்பித்திருந்தான். பாவம், நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணமும் நெட்வொர்க்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"ஆமாம்மா, மேடம் சொல்றது கரெக்ட்டுதான். தோ, போட்ருக்குது. சாவேஜ்னு ஒரு வார்த்த கீது இல்ல, அதுவும் இந்தக் காட்டுலேர்ந்துதான் வந்துச்சாம்."

"சாவேஜ்னா?"

கோகுல் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"காட்டுமிராண்டி" என்றாள் சில்வியா. அமைதியாகத்தான் சொன்னாள். எனக்கு டீ கசந்தது.

மல்லிகா டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாங்க இது? எங்க மாமனார் காலத்துல மலைய விட்டு எறங்கினோம். கீழ போன புதுசுல எங்களக் காட்டாளுங்கன்னுதான் சொல்வாங்க. இஸ்கோல்ல, ரேஷன் கடைல, எங்க போனாலும். அந்தப் பேச்சு ஓய எவ்ளோ நாள் ஆச்சு தெரியுமா? இப்ப நானே என் வூட்டுக்குக் காட்டுக்காரின்னு பேர் போட்டு பத்திரிக அடிச்சி, ஊரு பூரா குடுக்கணுமா?"

அடடா! மல்லிகாவின் குடும்பமும் மலையிலிருந்து போனதுதான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவருடைய கோபம் பெயரின் மேல் இல்லை. எந்த வார்த்தையிலிருந்து தப்பித்துக் கீழே போனாரோ, அந்த வார்த்தையை நான் அகராதியில் தேடி, தூசி தட்டி, கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். லத்தீன் முலாம் பூசி.

"பேர மாத்திடலாம் அத்த" என்றாள் சில்வியா. "எனக்கு ஒண்ணுமில்ல. அப்பாவ மட்டும் சொல்லச் சொல்லுங்க."

எல்லோரும் சின்னப்பையனைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் எப்பிடிங்க சொல்றது? அவங்க எங்க பொண்ணே இல்லீங்களே."

நல்ல வேளை, சம்பந்தம் பேச வந்த இடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டு எழுந்து போகாமல் மல்லிகா உட்கார்ந்திருந்தார். பொன்னி அவசர அவசரமாகத் தவிட்டுக் கதையைச் சொன்னாள். கோகுலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மல்லிகாவுக்கு... முழுக்கதையையும் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. பாதியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மீக்கவே இல்லியா?"

"இல்லீங்க."

"இவ்ளோ பெரிய பொண்ணாயி... மீக்காமலா வச்சிருந்தீங்க? மீக்காத பொண்ண எப்பிடிங்க தார வாத்துக் குடுப்பீங்க? யாரு பொண்ண யாரு குடுக்கறது?"

கீழே இறங்கி இவ்வளவு காலமாகியும், மலையின் சட்டம் அவரிடம் வரி மாறாமல் இருந்தது. பட்டுப் புடவை, பத்திரிகை, சொந்தக்காரர்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. பெயரைக்கூட அந்த நிமிஷம் மறந்துவிட்டார்.

"அந்த நர்சம்மா எங்க கீறாங்கன்னே தெரியலீங்க" என்றார் சின்னப்பையன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பொன்னி.

"இன்னாது?"

"கிறிஸ்மஸுக்கு நான்தான் போன் போட்டுப் பேசுவனே. ரிட்டயர் ஆய்ட்டாங்க. ஊர்லதான் கீறாங்க. முட்டி வலி. நம்பரு எங்கிட்ட எப்பவும் கீது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எப்போ கேட்டீங்க?"

மல்லிகா விடவில்லை. "தேடக்கூட இல்லியா? ஏங்க? பொண்ணு வேணாமா உங்களுக்கு?"

சில்வியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்தக் கேள்வியை அவள் எத்தனை காலமாக வைத்திருந்தாளோ, இன்னொருத்தி கேட்டுவிட்டாள்.

சின்னப்பையன் மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பயங்க... முன்ன பொறந்ததெல்லாம் எம் புள்ள, எம் புள்ளன்னு தூக்கி வச்சினு திரிஞ்சேன். ஒண்ணும் நிக்கல. இவங்க எம் புள்ள இல்லன்னதும்தான் நின்னாங்க. மீட்டதுக்கு அப்பால எதுனா ஆச்சுன்னா? அதுக்கு, இருக்கட்டுமே... யாரு புள்ளையா இருந்தா இன்னா, கண்ணு முன்னாடி இருந்தா போதும்னு..."

மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சில்வியா உள்ளே போய்விட்டாள். நான் மூன்றாம் மனுஷி. சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள். எனக்கே அங்கே உட்கார முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பெயர் பிரச்சினை மீட்புப் பிரச்சினையாக மாறிவிட்டது. மீட்டால்தான் கல்யாணம். நர்சம்மாவால் மலை ஏற முடியாது. வீடியோ கால் போடலாம் என்றான் கோகுல். மல்லிகா முறைத்தார்.

"போன்ல பேசலாம். ஆனா தவிடு கை மாறணும். அது மாறாம செல்லாது."

அடுத்த வாரம் நான் கண்ணமங்கலத்தில் இருந்தேன். அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு வேலையும் இல்லை. சின்னப்பையன் ஒரு பை சாமைத் தவிட்டோடு மலையிலிருந்து இறங்கி வருகிறார், மகளும் அவரும் அதைப் பார்சலில் போடப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, வேலூரில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

பார்சல் ஆபீஸ்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார். "உள்ள இன்னா?"

"தவிடு."

"தவிடா? தூத்துக்குடிக்கா?" எங்கள் மூவரையும் ஒரு மாதிரி பார்த்தார். "அங்க கெடைக்காதா?"

"இதேதான் வேணும்" என்றார் சின்னப்பையன்.

"மதிப்பு இன்னா போடறது?"

"ஒண்ணுமில்லன்னு போடுங்க அண்ணே" என்றாள் சில்வியா.

சின்னப்பையனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "இன்னா ஒண்ணுமில்ல? ஒரு பொண்ணோட மதிப்புய்யா அது!" என்றார். பார்சல் ஆபீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு, ஏதோ ஒன்று எழுதிக்கொள்கிறேன் பெரியவரே, போய்ட்டு வாங்க என்று கும்பிட்டார்.

சில்வியா வெளியே வந்து ரொம்ப நேரம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போன ஞாயிற்றுக்கிழமை மீட்பு.

சின்னப்பையன் வீட்டு வாசலில் முறத்தை நிறுத்தி, அதில் கோகுலின் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். போனில் நர்சம்மா. மல்லிகா சட்டம் சொல்ல, சில்வியா முறத்துக்குப் பக்கத்தில், அதாவது நர்சம்மா பக்கத்தில், நின்றாள். எதிரே சின்னப்பையனும் பொன்னியும். ஓரமாகக் கல் கூட்டி மூட்டிய அடுப்பில் டீக்குப் பால்.

"தவிடு வந்துட்டும்மா" என்றார் நர்சம்மா. கையில் அள்ளிக் காட்டினார். "பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, மாடு வாங்கிருக்கியளான்னு கேக்கா. ஆனா பை கிழிஞ்சு பாதி வழியிலேயே கொட்டிப் போச்சு."

மல்லிகா கவலையாகிவிட்டார். "பாதிதான் வந்துச்சா? அது செல்லுமா?"

"பாதித் தவிடுன்னா பாதிப் பிள்ளையவா திருப்பித் தருவேன்? முழுசா எடுத்துக்கோங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். சின்னப்பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "நர்சம்மா, ஏன் உங்க பேரையே வச்சீங்க?" என்று குறுக்கே கேட்டேன்.

"வேற என்ன செய்ய? வந்து பாக்கது எதுவா இருந்தாலும், யார் பிள்ளைன்னு கேட்டா சந்தேகமில்லாம எம் பிள்ளைன்னு தெரியணும்லா? அதுக்கு எம் பேருதான் வசதி."

"பேருக்கு அர்த்தம் தெரியுமா?"

"அர்த்தமா? எங்க ஊர் பள்ளிக்கூடத்துல ஒரு சிஸ்டர் இருந்தாவ. எங்கம்மாவுக்கு அவியளப் பிடிக்கும். அதான் வச்சா. அர்த்தத்த யாரு கண்டா?"

இதுதான் பெயர் வந்த வழி. அந்த சிஸ்டருக்கு யார் வைத்தார்களோ! ஒருத்திக்கு ஒருத்தியைப் பிடித்துப்போய், கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. வழியில் யாரும் காட்டைப் பார்க்கவில்லை. காட்டைப் பார்த்தது நானும் அகராதியும்தான்.

நர்சம்மா குரலைச் சரிசெய்துகொண்டார். "எந் தவிட நான் வாங்கிட்டேன். உங்க பிள்ளைய நீங்க வச்சுக்கோங்க. நல்லாரு மக்கா."

சில்வியா முறத்தைத் தாண்டி அப்பா பக்கம் வந்து நின்றாள். அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. ஒரு கோழி குறுக்கே ஓடியது.

மல்லிகாவுக்கு இப்போதுதான் பத்திரிகை ஞாபகம் வந்தது. போனை நோக்கிக் குனிந்தார். "ஏம்மா, அப்பிடியே இந்தப் பேரு விஷயமும் சொல்லிடுங்க. மாத்திக்கலாம் இல்ல?"

"என்னய ஏன் கேக்கிய? நான்தான் திருப்பிக் குடுத்துட்டேனே. இனி அவ அப்பாட்டல்லா கேக்கணும்."

எல்லோரும் சின்னப்பையனைப் பார்த்தோம். மனிதர் என்ன சொல்வார்? யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். இதுவரை இருந்த சாக்கும் போய்விட்டது. சரி, ஜோசியர் கொடுத்ததில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. மகளைத் தாண்டி அடுப்பைப் பார்த்தார்.

"ஏய் சில்வியா! பாலு பொங்கினு வருது, இன்னாடி வாயப் பாத்துனு நிக்கிற? போடி, போய் எறக்குடி!"

கோகுல் திடுக்கிட்டுப் போனான். பொன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். போனுக்குள்ளிருந்து நர்சம்மா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மல்லிகா சின்னப்பையனையும் சில்வியாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோகுலைத் திரும்பிப் பார்த்து, "பத்திரிகைல அப்பிடியே போட்டுடச் சொல்லுடா" என்றார்.

சில்வியா அடுப்புப் பக்கம் போகவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உதட்டில் சிரிப்பு. "காது கேக்கல? எரும!" என்று அவர் மறுபடி கத்தினார். அதற்கும் அவள் நகரவில்லை. இன்னும் ஒரு தடவை திட்டட்டும் என்று நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திட்டிக்கொண்டே இருந்தார்.

பால் மொத்தமும் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அன்றைக்கு எங்கள் யாருக்கும் டீ கிடைக்கவில்லை.